சூதாடிய வீரருக்கு மரியாதை செய்யலாமா? நீங்களே முடிவெடுக்க ஒரு வழி

முன்னாள் வீரர்கள் சங்கம் ஒன்றின் விருதுக் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். ஒருமுறை ஒரு பெயர் வந்தது. அருமையான ஆட்டக்காரர், ஆனால் ஆடுகிற காலத்தில் பெட் கட்டினார் என்று ஒரு பேச்சு. மூன்று மணி நேரம் சண்டை போட்டும் ஒன்றும் முடிவாகவில்லை, "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஏன் முடியவில்லை என்று பிடிபட்டது. ஒருவர் "தண்டனையெல்லாம் எப்போதோ முடிந்த காலத்து விஷயம்" என்றார், இன்னொருவர் "அவர் அடித்த ரன்னை யாராவது அழிக்க முடியுமா" என்றார், மூன்றாமவர் "நாளைக்குச் சின்னப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது" என்றார். ஆளுக்கொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்து அடித்துக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் பழைய வழக்குகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். பேஸ்பால், கிரிக்கெட், கால்பந்து என்று எல்லா இடத்திலும் இதே குழப்பம்தான். ஹால் ஆஃப் ஃபேம் (சாதனையாளர்களுக்கான கௌரவப் பட்டியல்), சிலை, அரங்கத்துக்குப் பெயர், வாழ்நாள் விருது, எதுவானாலும் சரி, இப்படி ஒரு பெயர் உங்கள் முன்னால் வந்தால் எதை முதலில் கேட்க வேண்டும், எதை அப்புறம் கேட்க வேண்டும் என்று எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில் மூன்றைப் பிரித்து வையுங்கள்

பதிவு, தண்டனை, மரியாதை. இந்த மூன்றும் ஒன்றல்ல, மூன்றையும் கொடுக்கிற கையும் ஒன்றல்ல. இதைப் பிரிக்காமல் பேச ஆரம்பித்தால் எங்களைப் போல மூன்று மணி நேரம் போகும்.

பதிவு என்பது நடந்தது. பீட் ரோஸ் அமெரிக்க பேஸ்பாலில் 4,256 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகத் தளத்தை எட்டுவது) அடித்தார், இன்று வரை அதைத் தாண்ட ஆளில்லை. பெட் கட்டியதற்காக 1989-ல் அவரை விளையாட்டை விட்டே விலக்கினார்கள், ஆனால் அந்த 4,256 புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது. 2010-ல் லார்ட்ஸ் டெஸ்டில் பணத்துக்காக வேண்டுமென்றே நோ-பால் போட்ட முகமது ஆமிர் அதே ஆட்டத்தில் 84 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார், அதுவும் ஸ்கோர் அட்டையில் இருக்கிறது. யாராவது "அவர் சாதனையை அழிக்கப் பார்க்கிறீர்கள்" என்று ஆரம்பித்தால், அழிக்கவில்லை, அது இருக்கட்டும், நாம் பேசுவது வேறு என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

தண்டனை என்பது லீக் அல்லது வாரியம் கொடுப்பது. அதற்கு விதி உண்டு, விசாரணை உண்டு, சில சமயம் முடிவு தேதி உண்டு. மரியாதை அப்படியில்லை. அது யாருக்கும் உரிமை கிடையாது, ஒரு சமூகம் தானாக விரும்பிக் கொடுப்பது. கொடுக்காமல் இருப்பது தண்டனை ஆகாது. "இன்னும் எத்தனை நாள் தண்டிப்பீர்கள்" என்ற கேள்வி நியாயமாகத் தோன்றும், ஆனால் விருது கிடைக்காத ஆயிரக்கணக்கான நல்ல ஆட்டக்காரர்களை யாரும் தண்டிக்கவில்லையே.

ரோஸ் வழக்கிலேயே இது நன்றாகத் தெரியும். அவரைத் தடை செய்தது மேஜர் லீக் பேஸ்பால். கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் இருக்கிற பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் தனி அமைப்பு. தடைப் பட்டியலில் இருப்பவர் பெயர் வாக்குச்சீட்டில் வரக்கூடாது என்று 1991-ல்தான், அதாவது தடை வந்து இரண்டு வருடம் கழித்துதான், அந்த அமைப்பு விதி போட்டது. இன்னொரு பக்கம், லீக் தடை நீங்காத போதே அவர் ஆடிய சின்சினாட்டி ரெட்ஸ் அணி 2016-ல் அவரைத் தன் சொந்த கௌரவப் பட்டியலில் சேர்த்தது, அவருடைய 14-ஆம் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒதுக்கியது, 2017-ல் மைதானத்து வாசலில் சிலையும் வைத்தது. ஒரே மனிதர், மூன்று அமைப்பு, மூன்று முடிவு. உங்கள் அமைப்பு எதைக் கொடுக்கிறது என்று பார்த்து அதற்கு மட்டும் பதில் தேடுங்கள்.

அடுத்து, எதில் பெட் கட்டினார்?

"சூதாடினார்" என்ற ஒரே வார்த்தைக்குள் ஏகப்பட்டது அடங்கிவிடுகிறது. கேசினோவில் சீட்டாடியவரையும், தன் அணி தோற்பதற்குப் பணம் வாங்கியவரையும் ஒரே சொல்லால் குறிப்பிட்டால் எந்த முடிவும் சரியாக வராது.

கேசினோ, சீட்டு, குதிரை என்று தன் விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் சொந்தப் பணத்தை விட்டவரிடம் விருதுக் குழுவுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது என் கருத்து. சார்லஸ் பார்க்லி தான் சூதாட்டத்தில் பல மில்லியன் டாலர் இழந்ததை வெளிப்படையாகச் சொன்னவர், கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் 2006-லிருந்து இருக்கிறார், இருக்க வேண்டியவர்தான். பேஸ்பால் நட்சத்திரங்கள் வில்லி மேஸ், மிக்கி மேன்டில் இருவருக்கும் நடந்தது இதைவிட மோசம். ஆடி ஓய்ந்த பிறகு அட்லான்டிக் சிட்டி கேசினோக்களில் விருந்தினரை வரவேற்கிற வேலைக்குப் போனார்கள் என்பதற்காகவே, மேஸை 1979-லும் மேன்டிலை 1983-லும் பேஸ்பாலிலிருந்து ஒதுக்கினார்கள். புதிதாக வந்த கமிஷனர் (லீக்கின் தலைமை நிர்வாகி) 1985-ல் அதை நீக்கினார். அப்போதும் ஹால் ஆஃப் ஃபேமிலிருந்து அவர்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை.

தன் விளையாட்டிலேயே, ஆனால் தான் ஆடாத ஆட்டத்தில் பெட் கட்டினால் அது விதிமீறல், தண்டனைக்கு உரியது. ஆனாலும் திரும்பி வர வழி இருக்க வேண்டும். தான் ஆடுகிற, பயிற்சி கொடுக்கிற, நடுவராக நிற்கிற ஆட்டத்தில் கட்டினால் கதையே வேறு.

இந்தக் கோட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. பேஸ்பாலின் 21-ஆம் விதி பல காலமாக இதைத்தான் சொல்கிறது: தனக்குக் கடமை இல்லாத பேஸ்பால் ஆட்டத்தில் பெட் கட்டினால் ஒரு வருடம், கடமை இருக்கிற ஆட்டத்தில் கட்டினால் நிரந்தரமாக வெளியே. ஜெயிக்கக் கட்டினாயா, தோற்கக் கட்டினாயா என்று அந்த விதி கேட்பதே இல்லை. ஒவ்வொரு அணியின் உடைமாற்றும் அறையிலும் எழுதி ஒட்டியிருக்கும். ரோஸ் 24 சீசன் அதைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போனார். 2024-ல் டுகுபிடா மார்கானோ என்ற இளம் வீரருக்கு ஆயுள் தடை வந்ததும் இதே விதியால்தான், காயம் பட்டு ஆடாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் தன் சொந்த அணியின் ஆட்டங்களிலும் பெட் கட்டியிருந்தார்.

"ஜெயிக்கத்தானே கட்டினார்?"

இந்த வாதத்தைத்தான் நீங்கள் அதிகம் சந்திப்பீர்கள், அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டும். என் அணி ஜெயிக்கும் என்று நான் பணம் கட்டினால் இன்னும் உயிரைக் கொடுத்து ஆடுவேன், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். நானும் பல வருடம் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மேனேஜர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள், பேஸ்பாலில் யார் ஆடுவது என்று முடிவெடுக்கிற தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். பந்து எறிகிற பிட்சரின் தோள் ஒரு கணக்குக்கு மேல் தாங்காது, நேற்றும் அதற்கு முந்தைய நாளும் எறிந்தவருக்கு இன்று ஓய்வு கொடுப்பதுதான் மேனேஜரின் முக்கியமான வேலை. இன்றைய ஆட்டத்தில் என் பணம் இருந்தால் அந்தப் பையனை இன்றும் இறக்கிவிடுவேன், நாளைக்கு அவன் தோள் என்ன ஆனாலும் சரி. இன்றைக்கு ஜெயிப்பதும் சீசன் முழுக்க அணிக்கு நல்லது செய்வதும் எல்லா நாளும் ஒன்றாக இருக்காது. என் பணம் இன்றைக்குள் மட்டும்தான் பார்க்கும்.

அப்புறம் பெட் கட்டாத நாள். தினமும் தன் அணி மேல் கட்டுகிற ஒரு மேனேஜர் ஒரு நாள் மட்டும் கட்டவில்லை என்றால், அவருடைய புக்கிக்கு அது ஒரு தகவல். யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது இன்றைக்கு நம்பிக்கை இல்லை. மேனேஜர் வாய் திறக்கவே வேண்டாம், அவருடைய மௌனத்தை வைத்தே இன்னொருவர் காசு பார்க்கலாம்.

மூன்றாவது, எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாகத் தெரிவது, கடன். சட்டவிரோத புக்கியிடம் கடனுக்குத்தான் ஆட்டம் நடக்கும். தொடர்ந்து தோற்றால் கடன் ஏறும். அணியின் முடிவைக் கையில் வைத்திருக்கிற ஒருவர் அப்படிப்பட்ட ஆளுக்குப் பெருந்தொகை கடன்பட்டிருந்தால், "பணம் வேண்டாம், வியாழக்கிழமை ஆட்டத்தில் ஒரு சின்ன உதவி செய்" என்று ஒரு நாள் கேட்பார்கள். கேட்டார்களா, இவர் செய்தாரா என்பது அப்புறம். கேட்கக்கூடிய நிலைமையை உண்டாக்கியதே குற்றம். ஜான் டௌட் என்ற வழக்கறிஞர் தயாரித்த 1989 அறிக்கை, ரோஸ் மேனேஜராக இருந்தபோது 1987-ல் மட்டும் தன் அணியின் 52 ஆட்டங்களில் பெட் கட்டினார் என்றது. தன் அணிக்கு எதிராக அவர் கட்டியதாக அறிக்கையில் ஆதாரம் இல்லை. அதை நான் நம்புகிறேன். நம்பினாலும் மேலே சொன்ன மூன்றும் அப்படியே நிற்கின்றன.

பார்க்கிறவன் பக்கமும் ஒன்று உண்டு. ஆட்டம் பார்ப்பதற்கு நமக்கு ஒரே ஒரு உத்தரவாதம்தான் தேவை, களத்தில் இருப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தைத் தவிர அதில் வேறு கணக்கு இல்லை என்பது. அது போய்விட்டால் தவறவிட்ட ஒவ்வொரு கேட்ச்சையும் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். தென்னாப்பிரிக்கக் கேப்டன் க்ரோனியே விஷயம் வெளிவந்த 2000-க்குப் பிறகு கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எப்படி உள்ளே புகுந்துகொள்ளும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் ஜனவரியில் செஞ்சூரியன் டெஸ்டில் மழையால் நாட்கள் வீணாகிப்போக, இரண்டு அணியும் ஒரு இன்னிங்ஸை விட்டுக்கொடுத்து முடிவு வரும்படி ஆடினார்கள், எவ்வளவு பெருந்தன்மை என்று பாராட்டினார்கள். அந்த யோசனைக்காக ஒரு புக்கியிடமிருந்து க்ரோனியே பணமும் ஒரு தோல் ஜாக்கெட்டும் வாங்கியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. எதிரணியான இங்கிலாந்துக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் ஜெயித்த வெற்றியின் மேலும் அந்த அழுக்கு ஒட்டிக்கொண்டது.

ஆதாரம் எந்த அளவு?

பெயர் கெட்டுப்போக ஒரு வதந்தி போதும், அதனால் இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். யார் விசாரித்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு கொடுத்தார்களா, அவர் தானே ஒப்புக்கொண்டாரா, இந்த மூன்றையும் எழுத்தில் எடுத்து வையுங்கள்.

நீதிமன்றத் தீர்ப்பை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு பேஸ்பாலின் 1919 உலகத் தொடர் (சீசனின் இறுதித் தொடர்) நல்ல பாடம். சிகாகோ வைட் சாக்ஸ் வீரர்கள் 8 பேர் சூதாடிகளிடம் பணம் பேசிக்கொண்டு தொடரை விட்டுக்கொடுத்ததாக வழக்கு. விசாரணைக்கு முன்பே சில வீரர்களின் வாக்குமூலக் காகிதங்கள் காணாமல் போயின, 1921 ஆகஸ்டில் ஜூரி எல்லோரையும் விடுதலை செய்தது. அடுத்த நாளே கமிஷனர் லேண்டிஸ் 8 பேரையும் ஆயுளுக்கும் வெளியேற்றினார். சிறைக்கு அனுப்பத் தேவையான ஆதாரம் வேறு, நம்பிக்கையோடு களத்தில் இறக்கத் தேவையான ஆதாரம் வேறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அசாருதீனுக்கு 2000-ல் இந்திய கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை போட்டது, 2012-ல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்றது. அவர் குற்றமே செய்யவில்லை என்று அதற்கு அர்த்தம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள், தப்பித்துக்கொண்டார் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு விருதுக் குழு இரண்டில் எதையும் தானாக ஊகிக்கக் கூடாது. செல்லாத தடையைக் காரணமாகக் காட்டி மறுப்பது தவறு. மறுக்க வேண்டுமானால் சொந்தமாக ஆதாரத்தைப் பார்த்து, அவரையும் கூப்பிட்டுக் கேட்டு, காரணத்தை எழுதி மறுக்க வேண்டும். அதற்குத் தெம்பில்லை என்றால் பேசாமல் ஆட்டத்தை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

அந்தக் காலத்துப் பேஸ்பால் நட்சத்திரங்கள் டை காப், ட்ரிஸ் ஸ்பீக்கர் இருவர் மேலும் 1919-ல் ஒரு ஆட்டத்தை முன்கூட்டியே பேசி வைத்து பெட் கட்டினார்கள் என்று பழைய சக வீரர் ஒருவர் 1926-ல் குற்றம் சாட்டினார், கடிதங்களும் கொடுத்தார். ஆனால் நேரில் வந்து சொல்ல மறுத்துவிட்டார். 1927 ஜனவரியில் லேண்டிஸ் இருவரையும் விடுவித்தார். காப் 1936-ல் ஹால் ஆஃப் ஃபேமின் முதல் ஐந்து பேரில் ஒருவர், ஸ்பீக்கர் அடுத்த வருடம். நேரில் வர மறுக்கிற சாட்சியை வைத்து ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பதில் லேண்டிஸ் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் பெரிய பெயர் என்பதால் விட்டார் என்ற பேச்சு அன்றே வந்தது, இன்றும் இருக்கிறது. பெரிய பெயருக்கும் சின்னப் பெயருக்கும் ஒரே மாதிரிதான் செய்தோம் என்று காட்ட முடியாவிட்டால் சரியான முடிவும் தப்பாகத் தெரியும்.

ஒரே தராசு

இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் முன் இருக்கும் பெயரை மறைத்துவிட்டு, செய்ததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த வீரர் அதைச் செய்திருந்தால் என்ன சொல்வீர்கள், பிடிக்காத அணிக்காரர் செய்திருந்தால் என்ன சொல்வீர்கள்?

எடுத்துக்காட்டு ஒன்று. ஒரு டெஸ்ட் ஆட்டத்தின் நடுவில் இரண்டு வீரர்கள் தங்கள் சொந்த அணி தோற்கும் என்று பெட் கட்டுகிறார்கள், அணியும் தோற்கிறது, அவர்களுக்குப் பெரிய தொகை கிடைக்கிறது. தாளில் படித்தால் ஆயுள் தடை என்றுதானே சொல்வோம்? 1981 ஹெடிங்லியில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியும் ராட் மார்ஷும் செய்தது இதுதான். இங்கிலாந்துக்கு 500-க்கு 1 என்று விகிதம் காட்டினார்கள், லில்லி 10 பவுண்டும் மார்ஷ் 5 பவுண்டும் போட்டார்கள், போத்தம் 149 அடிக்க, வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுக்க, ஆஸ்திரேலியா 18 ரன்னில் தோற்றது. கிடைத்தது 7,500 பவுண்டு. இவர்கள் விட்டுக்கொடுத்து ஆடினார்கள் என்று அந்த ஆட்டத்தைப் பார்த்த யாரும் சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. தண்டனையும் இல்லை, இருவரும் ஐசிசி ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

அப்படியானால் ரோஸுக்கு அநியாயம்தானே? இங்கேதான் அன்றைய விதி என்ன என்ற கேள்வி வருகிறது. ரோஸ் மீறிய விதி சுவரில் எழுதியிருந்தது, தண்டனை என்ன என்பதோடு. லில்லி, மார்ஷ் காலத்துக் கிரிக்கெட்டில் அப்படி ஒன்று எழுதி வைக்கப்படவில்லை. செய்த காலத்தில் இல்லாத விதியை இன்றைக்கு வைத்து ஒருவரிடமிருந்து பெயரைப் பிடுங்கக் கூடாது. இதே செயலை இன்றைக்கு ஒருவர் செய்தால் விடவும் கூடாது. இதைச் சொல்லும்போது எனக்கு முழு நிம்மதி இல்லை, சொந்த அணிக்கு எதிராகக் கட்டியது ரோஸ் செய்ததைவிடக் கேவலமாகத்தான் தெரிகிறது. ஆனாலும் விதி இல்லாத இடத்தில் கோபத்தை விதியாக்கினால் அடுத்த கோபம் யார் மேல் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஷேன் வார்ன், மார்க் வாஹ் விஷயம் இன்னும் சங்கடமானது. 1994-ல் "ஜான்" என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு புக்கியிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டு ஆடுகளம், வானிலை பற்றிச் சொன்னார்கள். ஆஸ்திரேலிய வாரியம் 1995-ல் அபராதம் போட்டது, ஆனால் யாருக்கும் சொல்லாமல். 1998 கடைசியில்தான் வெளியே வந்தது. தப்பு செய்தவர்களைவிட மறைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம், ஏனென்றால் அன்றே வெளியே சொல்லி ஒரு தடை போட்டிருந்தால் அதை அனுபவித்துவிட்டுச் சுத்தமாகத் திரும்பியிருப்பார்கள், பின்னால் வந்த மரியாதைகளை யாரும் சந்தேகத்தோடு பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் என்ன செய்தார்?

தப்புக்குப் பிறகு நடந்துகொண்ட விதத்துக்கு எடை உண்டு, ஆனால் அளவாக வையுங்கள். 1963-ல் அமெரிக்கக் கால்பந்தின் பால் ஹார்னங், அலெக்ஸ் காரஸ் இருவரையும் லீக் ஆட்டங்களில் பெட் கட்டியதற்காக ஒரு சீசன் முழுக்க உட்கார வைத்தார்கள். ஹார்னங் உடனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், 1986-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் வந்தார். காரஸ் கடைசி வரை முறுக்கிக்கொண்டே இருந்தார், 2020-ல், இறந்து எட்டு வருடம் கழித்துத்தான் இடம் கிடைத்தது. ஒரே தண்டனை, உள்ளே வருவதற்கு 34 வருட வித்தியாசம். ஆட்டத் திறமையைப் பற்றிய வாதமும் அதில் இருந்தது, இருந்தாலும் பணிவாக நடந்துகொண்டதற்கு அவ்வளவு பெரிய பரிசு கொடுப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

பொய் வேறு. ரோஸ் 15 வருடம் மறுத்தார், தன்னை விசாரித்தவர்களைப் பொய்யர்கள் என்றார், 2004-ல் சொந்தப் புத்தகம் வெளிவரும்போது ஒப்புக்கொண்டார். அதிலும் மேனேஜராக இருந்தபோது மட்டும்தான் என்றார். 2015-ல் வெளிவந்த ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் 1986-ல் வீரராக இருந்தபோதும் கட்டியதைக் காட்டின. உண்மை பேசுகிற மனிதரிடம் "எவ்வளவு நடந்தது" என்று கேட்டால் ஒரு எல்லை கிடைக்கும். பொய் சொன்னவரிடம் அந்த எல்லை எங்கே என்று நமக்கு எப்போதும் தெரியாது, அதனால்தான் பொய்யைத் தனிக் குற்றமாக எழுதி வைக்கச் சொல்கிறேன்.

நோயாகப் பிடித்துக்கொண்டவர்களை மறந்துவிடாதீர்கள். 2023-ல் இங்கிலாந்து கால்பந்து வீரர் இவான் டோனிக்கு 8 மாதத் தடை வந்தபோது, அவருக்குச் சூதாட்ட அடிமைத்தனம் இருப்பதை விசாரணைக் குழு கணக்கில் எடுத்து தண்டனையைக் குறைத்தது. தண்டனையில் அந்தக் கருணை அவசியம். சிகிச்சைக்குப் போய் மீண்டவருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், அது மற்ற வீரர்களையும் மறைக்காமல் உதவி கேட்க வைக்கும்.

வயதும் பார்க்க வேண்டும். லார்ட்ஸில் நோ-பால் போட்டபோது ஆமிருக்கு 18 வயது, சொன்னது அவருடைய கேப்டன். சிறைக்கும் போனார், தடையும் முடித்தார், 2017 சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டத்தில் ரோஹித், கோலி, தவான் மூவரையும் வீழ்த்தினார். ஆட விட்டது சரி. ஆனால் வாழ்நாள் மரியாதை என்று வந்தால் நான் கொடுக்க மாட்டேன். அந்தக் கேப்டனுக்கு எந்தக் காலத்திலும் கொடுக்க மாட்டேன்.

"லீகே பெட்டிங் கம்பெனியிடம் காசு வாங்குகிறதே"

வாங்குகிறதுதான். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான தேசியச் சட்டத்தை ரத்து செய்த சில மாதங்களிலேயே பேஸ்பால் லீக் ஒரு கேசினோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஒரு பக்கம் விளம்பரம், இன்னொரு பக்கம் வீரருக்கு ஆயுள் தடை என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் ரசிகன் சட்டப்படி பெட் கட்டுவதும், முடிவைக் கையில் வைத்திருப்பவன் கட்டுவதும் ஒன்றாகாது. களத்தைச் சுற்றிப் பணம் பெருகப் பெருக, களத்துக்குள் இருப்பவர் மேல் கட்டுப்பாடு இன்னும் இறுக வேண்டும். லீக்கைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன், அதை வைத்து வீரரை விடுவிக்காதீர்கள்.

இறந்த பிறகு?

ரோஸ் 2024 செப்டம்பர் 30-ல் இறந்தார். 2025 மே மாதம் கமிஷனர் மான்ஃப்ரெட், நிரந்தரத் தடை என்பது இறப்போடு முடிகிறது என்று அறிவித்து, ரோஸ், 1919 வழக்கின் 8 பேரில் ஒருவரான ஷூலெஸ் ஜோ ஜாக்சன் உள்பட 17 பேரைப் பட்டியலிலிருந்து எடுத்தார். இறந்தவரால் விளையாட்டுக்கு இனி ஆபத்து இல்லை என்பது அவர் காரணம். தண்டனையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் தடை முடிந்தால் மரியாதை தானாக வந்துவிடாது. இனி லீக் மேல் பொறுப்பைப் போட முடியாது, ஹால் ஆஃப் ஃபேம் குழுவே சொந்தமாக யோசித்தாக வேண்டும். பழைய காலத்து வீரர்களைப் பார்க்கும் அந்த 16 பேர் குழு 2027 டிசம்பரில் கூடும், உள்ளே வர 12 ஓட்டு வேண்டும்.

உங்கள் சங்கத்துக்கு விதி எழுதுகிறீர்களா?

எந்தப் பெயரும் மேசையில் இல்லாத நாளில் எழுதுங்கள், இது முக்கியம். பெயர் வந்த பிறகு எழுதுகிற விதி அந்தப் பெயருக்காகவே எழுதியதாகிவிடும். தான் பங்கேற்ற ஆட்டத்தில் எந்தப் பக்கம் பெட் கட்டியிருந்தாலும், முடிவையோ ஆட்டத்தின் ஒரு பகுதியையோ விற்றிருந்தாலும் மரியாதை கிடையாது என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். தன் விளையாட்டின் மற்ற ஆட்டங்களில் கட்டியவருக்கும், தகவல் விற்றவருக்கும் தண்டனை முடிந்து எத்தனை வருடம் கழித்துப் பெயர் வரலாம் என்று எண்ணாகவே எழுதுங்கள், "போதுமான காலம்" என்று எழுதினால் அதற்கும் ஒரு சண்டை வரும். குற்றச்சாட்டு எழுத்தில், கையெழுத்தோடு வர வேண்டும், அவருக்கோ குடும்பத்துக்கோ பதில் சொல்ல அவகாசம் வேண்டும், முடிவின் காரணம் வெளியே தெரிய வேண்டும். கொடுத்த பிறகு உண்மை தெரிந்தால் திரும்ப எடுக்கலாமா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

வேறு குற்றங்களை இதற்குள் கலக்காதீர்கள். 2017-ல் ஃபிலடெல்ஃபியா அணி ரோஸுக்குச் செய்யவிருந்த மரியாதையைக் கைவிட்டது, காரணம் சூதாட்டம் இல்லை, 1970-களில் ஒரு சிறுமியோடு உறவு வைத்திருந்தார் என்று எழுந்த குற்றச்சாட்டு. அதைத் தனியாக, அதற்குரிய கடுமையோடு பார்க்க வேண்டும். சூதாட்ட வாதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தால் இரண்டுக்குமே நியாயம் நடக்காது.

மரியாதை மறுத்தால் மறைக்கவும் வேண்டாம். கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் ரோஸின் பொருள்கள் காட்சியில் இருக்கின்றன, ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தவர்களுக்கு வைக்கிற வெண்கலப் பட்டயம் மட்டும் இல்லை. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. என்ன சாதித்தார், என்ன செய்தார், இரண்டையும் வந்து பார்க்கிறவர் ஒரே இடத்தில் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு ஓட்டு இருந்தால் ரோஸுக்குப் போட மாட்டேன். ஜோ ஜாக்சன் 1919 உலகத் தொடரில் .375 சராசரியில் அடித்தார், 12 ஹிட், ஆனால் 5,000 டாலர் வாங்கிக்கொண்டார், அவருக்கும் மாட்டேன், எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் என்பதால் மனசு கஷ்டமாக இருந்தாலும். பக் வீவர் வேறு. சதி பேசிய கூட்டத்தில் இருந்தார், பணம் வாங்கவில்லை, .324 சராசரியில் அடித்து நேர்மையாக ஆடினார், காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்காகவே 8 பேரில் ஒருவராகி, 1956-ல் சாகும்வரை தடையை நீக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். மௌனமும் தப்புதான், ஆனால் விற்றவனுக்கும் வாய் மூடியிருந்தவனுக்கும் ஒரே அளவு வைத்தது அநியாயம். பட்டயம் பெறுகிற அளவுக்கு அவர் ஆடினாரா என்பது வேறு கேள்வி, சூதாட்டத்தைக் காரணம் காட்டி மட்டும் அவரை வெளியே நிறுத்தக் கூடாது.

எங்கள் குழுவில் வந்த அந்தப் பெயரைப் பற்றி, இதையெல்லாம் படித்த பிறகு விசாரித்துப் பார்த்தேன். யார் பார்த்தது, எந்த ஆட்டம், எவ்வளவு பணம் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லவில்லை, எல்லோரும் இன்னொருவர் சொல்லக் கேட்டவர்கள். அடுத்த கூட்டத்தில் அவர் பெயரை நானே முன்மொழியப் போகிறேன், மறுப்பு இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.